கல்லூரி மாறுவதற்கு முன் கிரெடிட் கணக்கைப் பாருங்கள்

படிப்பின் நடுவில் கல்லூரி மாற நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இடம் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இதுவரை தேர்ச்சி பெற்ற பாடங்களிலும் அவற்றுக்கான கிரெடிட்களிலும் (படிப்பின் அளவைப் பொறுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் புள்ளிகள்) எத்தனை புதிய கல்லூரியின் பட்டத்துக்குக் கணக்கில் வரும் என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. இடம் கிடைத்தும் பாடங்கள் ஏற்கப்படாமல் போனால், இரண்டாம் ஆண்டை முடித்தவர் மீண்டும் முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார நேரிடும்.

"உங்கள் கிரெடிட்களை ஏற்றுக்கொள்கிறோம்" என்று சேர்க்கை அலுவலகம் சொல்வதை வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஒரு பாடத்தைக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது வேறு, பொதுவான விருப்பப் பாடமாக வரவு வைப்பது வேறு. எடுத்துக்காட்டாக, செய்முறை வகுப்பு இல்லாமல் மூன்று கிரெடிட்டுக்குக் கணினி நிரலாக்கம் படித்தவர், அதே பாடத்தைச் செய்முறையோடு சேர்த்து நான்கு கிரெடிட்டுக்கு நடத்தும் கல்லூரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கிரெடிட் விருப்பப் பாடக் கணக்கில் சேர்ந்துவிடலாம். ஆனால் கட்டாயப் பாடம் அப்படியே நிலுவையில் நிற்கும். அதை முடிக்காமல் அடுத்த நிலைப் பாடத்தை எடுக்க முடியாது என்ற விதியும் இருந்தால், ஒரு பாடத்தால் ஒரு பருவமே தள்ளிப்போகும். ஆகவே எந்தப் பாடம் எதற்கு ஈடாக ஏற்கப்படுகிறது என்பதைப் பாடவாரியாக எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் பாடத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அலகுகள், வகுப்பு நேரம், செய்முறை நேரம், பாடநூல், தேர்வு முறை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இவை இருக்காது என்பதால், நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தைத் துறை முத்திரையோடு வாங்கி வைப்பது அவசியம். பாடத்திட்டம் இடையில் மாறியிருந்தால் இணையதளத்தில் இருப்பது உங்களுடையதாக இராது. இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது.

கிரெடிட் எண்ணிக்கையையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். அமெரிக்காவில் நான்காண்டு இளநிலைப் பட்டமே பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட்தான். அங்கேயே காலாண்டு முறையில் பெற்ற 45 கிரெடிட், செமஸ்டர் முறையில் 30 ஆகக் குறையும். இந்தியாவில் 2021-இல் தொடங்கப்பட்ட கல்விக் கிரெடிட் வங்கி உங்கள் கிரெடிட்களைச் சேமித்து வைக்கும்; அதை எந்தப் பாடத்துக்கு ஈடாக்குவது என்பது சேரும் நிறுவனத்தின் முடிவு.

பட்டத்துக்கான கிரெடிட்களில் குறிப்பிட்ட பங்கைத் தங்களிடமே படித்துப் பெற வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. அதனால் மாறுவதென்றால் தொடக்க ஆண்டுகளில் மாறுவதே நல்லது. கடைசி ஆண்டில் மாறுவது, மிக வலுவான காரணம் இருந்தாலொழிய, வீண் வேலை என்பது என் கருத்து. அரியர் இருந்தால் அதைப் பழைய இடத்திலேயே முடித்துவிடப் பாருங்கள்; தேர்ச்சி பெறாத பாடத்தைப் பொதுவாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய தரப்புள்ளிச் சராசரியும் (GPA) பல இடங்களில் புதிய கல்லூரிக்குத் தொடர்ந்து வராது. நல்ல மதிப்பெண் வைத்திருப்பவருக்கு அது இழப்பு, சறுக்கியவருக்கு அது புதுக் கணக்கு.

எழுத்து மூலமான சேர்க்கை உறுதியும் பாட ஒப்பீடும் கைக்கு வரும்வரை மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அதைப் பெற்றவுடன் பழைய இடம் போய்விடும். திரும்பக் கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தடையின்மைச் சான்றிதழ், நூலகம் மற்றும் விடுதி நிலுவையின்மைச் சான்று, மூலச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு நாள் பிடிக்கும் என்பதால், எவை தேவை என்ற விவரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். உதவித்தொகை புதிய கல்லூரிக்குத் தொடருமா என்பதை வழங்குபவரிடமே கேளுங்கள். வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசா நிபந்தனைகளையும் பழைய கல்லூரியிலிருந்து விலகுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

சேர்ந்த பிறகும் பாட ஒப்பீடு தவறாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அப்போது நீண்ட கடிதத்தைவிட, இரு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் அலகுவாரியாக அருகருகே வைத்துக் காட்டும் ஒரே தாள் துறைத்தலைவரிடம் எடுபடும். முதல் பருவத்தின் பாடப் பதிவு முடிவதற்குள் அதைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பாடத்துக்கு மறுபடியும் பதிவு செய்து கட்டணம் கட்டிவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.