ஹார்மோன் டெஸ்ட்: எப்போது தேவை, எங்கே தப்பு நடக்கிறது

என் சித்திக்கு 48 வயது. ஒரு வருஷமாக நாள் முன்னே பின்னே வருகிறது, ராத்திரியில் குப்பென்று உடம்பு சூடாகி வியர்த்துக் கொட்டி நைட்டி நனைந்துவிடுகிறது. பெண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ் என்று ஒரு லேபில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச், சினைப்பை ஓய ஓய ஏறும்; சித்திக்கு அது 9 என்று வந்தது. "எல்லாம் நார்மலாம்டி, அப்ப எனக்கு மனசுலதான் ஏதோ கோளாறு போல" என்று சித்தி போனில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சித்திக்கு அந்த டெஸ்டே வேண்டியதில்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு நாள் தவறுவதும் இப்படி வியர்ப்பதும் இருந்தால், மாதவிடாய் நிற்கப்போகும் கட்டம் இது என்று விசாரித்தே சொல்லிவிடலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2015லேயே இதைச் சொல்லிவிட்டது. அந்தக் கட்டத்தில் எஃப்எஸ்எச் ஒரு மாதம் 9 இருக்கும், அடுத்த மாதம் 40 ஆகும், அப்புறம் மறுபடி இறங்கும். குறைவாக வந்ததைப் பார்த்து வைத்தியம் செய்யாமல் அவதிப்படுவதும் தப்பு, அதிகமாக வந்ததைப் பார்த்து இனி கர்ப்பம் தரிக்காது என்று கருத்தடையை விட்டுவிடுவதும் தப்பு.

ஆனால் 40 வயதுக்குள் மூன்று நான்கு மாதம் நாள் வரவில்லை என்றால் கதையே வேறு. அங்கே டெஸ்ட் எடுக்காமல் இருப்பதுதான் தவறு. "டென்ஷனா இருக்கும், வெயிட் போட்டதால இருக்கும்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் கர்ப்பமா என்று பாருங்கள், அடுத்து எஃப்எஸ்எச், தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின். எஃப்எஸ்எச் அதிகமாக இருந்து சந்தேகம் தீராவிட்டால் 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துபோனால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும், அதற்கு சிகிச்சை உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெஸ்ட் எழுதிக்கொடுத்தால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இது கூடுதலாக வந்தால் என்ன செய்வீங்க, குறைவாக வந்தால் என்ன செய்வீங்க? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது நாள் கணக்கு. ரிப்போர்ட்டில் எஃப்எஸ்எச்சுக்கு நேரே நான்கு வரிசை எண்கள் இருக்கும், மாதவிடாய் வந்த முதல் பாதிக்கு ஒன்று, முட்டை வெடிக்கும் சமயத்துக்கு ஒன்று, பிற்பாதிக்கு ஒன்று, நின்றுபோனவர்களுக்கு ஒன்று. ரத்தம் கொடுத்தது எத்தனையாவது நாள் என்று தெரியாவிட்டால் எந்த வரிசையைப் பார்ப்பது? அதனால் லேப் சீட்டிலேயே கடைசியாக நாள் வந்த தேதியை எழுதச் சொல்லுங்கள். முட்டை வெடித்த பிறகு ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை 21ஆம் நாள் எடுக்கணும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, 35 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு அது 28ஆம் நாள். அவரும் 21ல் போய்க் கொடுத்துவிட்டு, "முட்டை வெடிக்கலையாம்" என்று ஒரு மாதம் முழுக்க அழுதுகொண்டிருப்பார்.

மாத்திரையைச் சொல்லாமல் விடுவதும் அப்படித்தான். நாள் ஒழுங்காக வருவதற்கென்று கொடுக்கும் மாத்திரை பல சமயம் கருத்தடை மாத்திரைதான், அதைச் சாப்பிடும்போது எஃப்எஸ்எச், முட்டை வெடிக்கத் தூண்டும் எல்எச், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எதையும் நம்பமுடியாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும், இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து ஆரம்பித்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், டோஸ் அதிகமென்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் விஷயத்தில் அம்மாக்களுக்கு ஒன்று. 15 வயதுப் பிள்ளைக்கு நாள் சரியாக வரவில்லை என்றதும் ஸ்கேன், சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் டெஸ்ட் என்று அலையாதீர்கள். வயதுக்கு வந்து எட்டு வருஷம் வரை அவை இரண்டையும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023 சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. பெரியவர்களிலும், நாள் தவறுவதும் முகத்தில் ஆண்களைப் போல் முடி வளர்வதும் இரண்டும் இருந்து, தைராய்டு, புரோலாக்டின் மாதிரி வேறு காரணம் இல்லையென்று பார்த்துவிட்டால், ஸ்கேன் இல்லாமலே சொல்லலாம். சர்க்கரை டெஸ்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏஎம்எச் குறைவு என்று பார்த்து, கல்யாணமே ஆகாத 27 வயதுப் பெண்கள் பயந்துபோகிறார்கள். இயல்பாகக் குழந்தை தங்குமா என்று அந்த எண் சொல்லாது. ஐவிஎஃப் செய்யும்போது ஊசி அளவை முடிவு செய்ய உதவும், சரி, அங்கே அது வேலை செய்யட்டும். சோர்வு, முடி உதிர்வு என்றால் முதலில் ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிஎஸ்எச்.

நாள் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஹார்மோன் பேக்கேஜ் பக்கம் போகாதீர்கள். பெண்கள் நோய் டாக்டர் நேரில் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து சொல்ல வேண்டிய விஷயம் அது, அந்த வாரமே போங்கள்.