புலனக் குழுவில் மரியாதையாக எழுதுவது எப்படி?

பினாங்கில் தைப்பூசம் நெருங்கிவிட்டால் தண்ணீர்ப் பந்தல் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்பாளர் குழு எனக் கைப்பேசியில் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் செய்திகள் ஓயாமல் வந்து குவியும். நேரில் பேசும்போது குரலும் முகமும் கடுஞ்சொல்லைத் தணித்துவிடும். எழுத்தில் விளியும் வினைமுடிவும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பந்தலுக்கு உணவு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். “ஏன் இன்னும் சாப்பாடு வரல? யாரும் கேக்க மாட்டீங்களா?” என்று எழுதினால், பொறுப்பில் இல்லாதவர்கூடத் தம்மைக் குற்றம் சாட்டியதாக எடுத்துக்கொள்வார். “வணக்கம் அண்ணே, சாப்பாடு இன்னும் வந்து சேரவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று உரியவரை விளித்து எழுதினால், கேட்பது யாரிடம், வேண்டுவது என்ன என்ற இரண்டும் தெளிவாகின்றன. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி விசாரணையாகவே ஒலிக்கும். ‘அனுப்பவும்’, ‘வரவும்’ போன்ற முடிவுகள் அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். தன்னார்வலரிடம் ‘அனுப்பி வையுங்கள்’ என்பதே தகும்.

வீட்டில் ‘நீ’ என்று அழைக்கும் தம்பியாக இருந்தாலும், அவருடைய மாணவர்களோ மாமனாரோ இருக்கும் குழுவில் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். வயது தெரியாத பெண்ணை ‘ஆன்ட்டி’ என்பதைவிட ‘அக்கா’ என்பது பாதுகாப்பானது. முகப்புப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நண்பரிடம் ‘சரி லா’ என்பது நெருக்கம். ஆலயத் தலைவரிடம் அதையே எழுதினால் அலட்சியமாகப் படும்.

பிறர் செய்த எழுத்துப் பிழையைத் தனிச் செய்தியில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டாலும் குறையில்லை. ஆனால் பந்தல் பணி தொடங்கும் நேரமே தவறாகப் பதிவாகியிருந்தால், மற்றவர்கள் அதை நம்பிக் கிளம்பிவிடுவார்கள் என்பதால், குழுவிலேயே உடனே திருத்த வேண்டும். அப்போதும் “பணி தொடங்கும் நேரம் காலை 5 மணி” என்று சரியான தகவலை மட்டும் எழுதுங்கள். பிழை செய்தவரின் பெயர் அங்கே தேவையில்லை. உங்கள் செய்தியில் பிழை இருந்தால், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அதையே திருத்திவிடலாம்.

இரங்கல் செய்திக்குக் கட்டைவிரல் சின்னத்தைப் பதிலாக இடாதீர்கள்; “ஆழ்ந்த இரங்கல்” என்று எழுத எவ்வளவு நேரமாகிவிடும்? அதன் கீழேயே பிறந்தநாள் வாழ்த்தைப் பதிவிடுவோரும் இருக்கத்தான் செய்கிறார்கள். சற்றுப் பொறுத்து அனுப்பினால் வாழ்த்து கெட்டுவிடாது.

சினத்தில் மிரட்டலாக எதையும் எழுதாதீர்கள். மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்கீழ் அது குற்றமாகலாம். மூடிய குழு என்பது பாதுகாப்பாகாது.

நீண்ட குரல்பதிவு அனுப்ப நேர்ந்தால், அது எதைப் பற்றியது, யார் கேட்க வேண்டியது என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். வேலையிடத்தில் இருப்பவர் அதைப் பார்த்து, உடனே கேட்பதா பிறகு கேட்பதா என்று முடிவு செய்துகொள்வார்.