பழைய டீசல் மோட்டார்ஹோம்: மைலைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய டீசல் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி விற்பவர்கள் விளம்பரத்தில் முதலில் போடுவது "20,000 மைல்தான் ஓடியிருக்கிறது" என்பதைத்தான். காராக இருந்தால் சந்தோஷப்படலாம். டீசல் புஷர் என்று சொல்கிற, எஞ்சினைப் பின்னால் வைத்த 38 அடி, 40 அடி வண்டிகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் பெரும்பாலும் இருக்கும் கம்மின்ஸ் எஞ்சினும் அலிசன் கியர்பாக்ஸும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் செய்யப்பட்ட ரகம், லட்சக்கணக்கான மைல் தாங்கும். 15 வருடத்தில் 20,000 மைல் என்றால் மிச்ச நாளெல்லாம் எங்கேயோ வெயிலிலும் பனியிலும் சும்மா நின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

வாங்கப் போகும்போது முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். பட்டன் ஆழமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம்தான் முக்கியம்: 3517 என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள், பத்து வருடத்தோடு அதன் கதை முடிந்தது, பளபளவென்று இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். நான் ஏழெட்டு வருடத்திலேயே முன் டயரை மாற்றச் சொல்வேன், ஏனென்றால் 60 மைல் வேகத்தில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் நம் கையில் இருக்காது. ஆறு டயரும் புதிதாகப் போட வேண்டிய வண்டியென்றால் அந்தச் செலவை அங்கேயே விலையில் கழித்துப் பேசுங்கள்.

காற்றழுத்தமும் குத்துமதிப்பாக வைக்கிற விஷயம் இல்லை. தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றி ஒவ்வொரு அச்சுக்கும் எடை எடுத்து, டயர் கம்பெனியின் எடை-அழுத்த அட்டவணையைப் பார்த்து வையுங்கள். ஒரு பக்கம் ஃபிரிட்ஜும் அடுப்பும் இருப்பதால் இடது வலது எடை ஒன்றாக இருக்காது. சக்கரம் சக்கரமாக எடை போட வசதி கிடைத்தால் விடாதீர்கள். அதிக எடை உள்ள பக்கத்துக்கான அழுத்தத்தையே அந்த அச்சின் இரு பக்கமும் வைக்க வேண்டும். அளப்பது காலையில், வண்டி கிளம்பும் முன்.

அடுத்தது ரேடியேட்டர். என்னைக் கேட்டால் டீசல் புஷரில் ஆட்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதுதான். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும் வண்டியானால் தொல்லை குறைவு. பின்னால் இருந்தால் கதை வேறு: எஞ்சினின் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயிலிருந்து மெல்லிய எண்ணெய் ஆவி வந்துகொண்டே இருக்கும், ஃபேன் அதையும் ரோட்டுத் தூசியையும் சேர்த்து இழுத்து ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சார்ஜ் ஏர் கூலரின் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பது) எஞ்சின் பக்க முகத்தில் அப்பிவிடும். வெளியே பின்கதவைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு உள்பக்கம் இருக்கிறது. படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கருப்பாகப் பிசுக்குப் பிடித்திருப்பது தெரியும். கோடையில் மேடு ஏறும்போது வெப்பமானி மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள்.

சுத்தம் செய்வது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் ஆறியபின், அலுமினியத்தை அரிக்காத டிகிரீசரை எஞ்சின் பக்கத்திலிருந்து தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தோட்டக் குழாயில் வரும் சாதாரண வேகத் தண்ணீரால் கழுவுங்கள். பின்னால் வழிகிற தண்ணீர் தெளிவாகும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியைப் பின்பக்கமிருந்து மட்டும் அடித்துக் கழுவிவிட்டு முழுச் சுத்தம் என்று பில் போட்டார்கள், அதனால் எந்தப் பக்கமிருந்து கழுவப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம் அந்த மூச்சுக்குழாயை ஒரு ஹோஸ் மாட்டி ஃபேனைத் தாண்டி நீட்டிவிட்டால் அடுத்த முறை வேலை பாதியாகும். மேடு ஏறும்போது சூடு ஏறினால் ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சுற்று கூடினால் தண்ணீர் பம்பு வேகமாகச் சுற்றும், பெரும்பாலான வண்டிகளில் ஃபேனும் சேர்ந்து வேகமெடுக்கும், வண்டி தானாகக் குளிரும்.

கூலன்ட்டை வெறும் பச்சைத் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. ஐஎஸ்சி, ஐஎஸ்எல் போன்ற பெரிய கம்மின்ஸ் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரைச் சுற்றி நேரடியாகக் கூலன்ட்தான் ஓடுகிறது, அதில் உள்ள ரசாயனம் தீர்ந்துபோனால் லைனரில் பொடிப்பொடியாகக் குழி விழ ஆரம்பிக்கும். வருடம் ஒருமுறை சோதனைப் பட்டையை முக்கிப் பாருங்கள், அவ்வளவுதான் வேலை. எஞ்சின் ஆயிலையும் மைல் ஆனாலும் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள், பழைய ஆயிலில் கொஞ்சம் சாம்பிள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்று காகிதத்தில் வந்துவிடும். வாங்கும் முன்பே இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம். விற்பவர் மறுத்தால் நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

ஏர் பிரேக் பற்றிப் பயப்பட வேண்டாம், நம்மூர் அரசு பஸ் நிற்கும்போது வரும் அதே 'புஸ்' சத்தம்தான் இதிலும். மாதம் ஒருமுறை காற்று டேங்கைத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீரோ எண்ணெயோ வந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் உள்பொருள் தீர்ந்திருக்கலாம், எப்படியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். கிளம்பும் முன் சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்று முழுதாக ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது 3 வரை இறங்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பையும், வண்டியை மட்டமாக நிறுத்தும் லெவலிங் ஜாக்கும் மட்டும் தாங்கி நிற்கிற வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள், காற்று போனால் வண்டி அப்படியே கீழே உட்கார்ந்துவிடும். இதில் உயிர் போயிருக்கிறது.

டீசலும் நின்றால் கெடும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே ஈரம் படிந்து, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும். நிறுத்தும் முன் டேங்கை நிரப்புங்கள், முடிந்தால் பயோடீசல் குறைவாக உள்ள பம்பில். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை அவ்வப்போது வடித்து, மாற்று ஃபில்டர் ஒரு ஜோடி எப்போதும் வண்டியிலேயே வையுங்கள். 2010 புகை விதிகளுக்குப் பிந்தைய எஞ்சின்களில், புகையைச் சுத்தம் செய்ய, டெஃப் என்ற யூரியாக் கரைசலும் வேண்டும். அது வெயிலில் கெடும், மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும், அதனால் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். தப்பித் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் ஆயிலில் ஈரம்தான் சேரும். ஓட்டினால் 20, 30 மைல் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். ஜெனரேட்டருக்கு மட்டும் மாதாமாதம் வேலை கொடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம், ஏசியைப் போட்டுப் பாதி லோடாவது ஏற்றி. அது பெரிய டேங்கிலிருந்தேதான் டீசல் எடுக்கும், கால் டேங்குக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும், ரிப்பேர் என்று பதற வேண்டாம்.

வண்டிக்குள் இருக்கும் வீட்டுப் பகுதி பற்றிச் சுருக்கமாக: வருடத்துக்கு இரண்டு முறை கூரை ஏறி, ஏசி, வென்ட், சோலார் பலகை ஓரங்களில் சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள், உள்ளே கறை தெரியும்போது மரம் ஏற்கெனவே ஊறியிருக்கும். கழிவறை டேங்கின் வால்வைக் கேம்ப்கிரவுண்டில் எப்போதும் மூடியே வைத்து, நிறைந்தபின் திறந்துவிடுங்கள், திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மிச்சம் கல்லாக இறுகும். குளிர் வரும் முன் குழாய்களில் மோட்டார்ஹோம் குழாய்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃபிரீஸ் ஏற்றுங்கள், எஞ்சினுக்கு ஊற்றுவது விஷம், குடிநீர்க் குழாயில் ஆகாது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு, வண்டி 40 அடி நீளத்தைத் தாண்டினால் சாதாரண லைசென்ஸ் போதாது, வணிகமல்லாத பி வகுப்பு எடுக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் சில எடையைப் பார்க்கும், சில எதையும் பார்க்காது, முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிடுங்கள்.