என்.எச்.எல். டிராஃப்ட்: முதலில் பிறந்த தேதி
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு வருபவர்களை ஒப்பிடும்போது, கோல் கணக்குக்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முதல்முறை தகுதிபெறும் இருவருக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். வளரும் உடம்புக்கு அது சின்ன விஷயமா? அமெரிக்க வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாளில் 2015 டிராஃப்ட் கைநழுவ, 2016-இல் முதல் வீரராகத் தேர்வானார். புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு) சமம் என்றால் இளையவருக்கே என் ஓட்டு. கோல்கீப்பர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அவர்கள் தேறவே பல ஆண்டுகள் பிடிக்கும். ஸ்வீடன், பின்லாந்தில் பெரியவர்களின் லீகில் ஆடும் பையனின் புள்ளிகளை ஜூனியர் லீக் புள்ளிகளோடு வைத்துப் பார்ப்பதும் வீண்.