கரூக் கூடைக்குக் குச்சியும் நாரும் சேகரிப்பது எப்படி?

வட கலிஃபோர்னியாவில், கிளாமத் ஆற்றங்கரையில் ஆர்லியன்ஸ், ஹேப்பி கேம்ப் பக்கம் வாழும் பழங்குடியினர் கரூக் மக்கள். அவர்களுடைய கூடையைக் கையில் எடுப்பவர்கள் பின்னலைத்தான் வியப்பார்கள். ஆனால் பாதி வேலை காட்டிலேயே முடிந்துவிடுகிறது. அது அவர்களின் பூர்வீக மண். அதனால் முறையாக அனுமதி வாங்கி, முடையத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள்.

முதலில் இடம். ஓரிரு வருடத்துக்கு முன் தீ வைத்த ஹேசல் புதராகத் தேடுங்கள். எரியாத புதரில் குச்சி கோணலாக, கிளைவிட்டு, பூச்சி அரித்துக் கிடக்கும். எரிந்த புதரோ அடியிலிருந்து நேர் நேராகத் துளிர்க்கும். கடந்த நூற்றாண்டில் கரூக் மக்கள் இப்படிப் புதருக்குத் தீ வைப்பதை அரசு தடுத்ததும் நல்ல குச்சிக்கே பஞ்சம் வந்தது. அந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வசந்தத்தில் இலை விரியத் தொடங்கும்போது வெட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய, கிளையில்லாத குச்சி போதும். அன்றைக்கே பட்டையை உரித்துவிடுங்கள். சாறு ஏறியிருக்கும் அந்தச் சில வாரங்களில், அடிப்பக்கம் நகத்தால் கீறி இழுத்தாலே பட்டை ஈரமாக வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே குச்சி வெள்ளை வெளேரென்று இருக்கும். நாள் தள்ளினால் பட்டை ஒட்டிக்கொள்ளும், சுரண்டினால் குச்சி காயப்படும். உரித்ததை வெயிலில் காயவைத்து, பருமன்வாரியாகக் கட்டி வையுங்கள். இதுதான் கூடையின் பாவு, அதாவது நெட்டுக்குச்சி.

பாவின் குறுக்கே பின்னும் ஊடைக்குப் பைன் வேர். ஒரே மரத்தில் நிறைய வெட்டாதீர்கள், மரம் தாங்காது. வேரைச் சூட்டில் வேகவைத்தால் இளகும், அப்புறம் நீளவாக்கில் பிளக்கலாம்.

அடுத்தது நிறம். வெள்ளைக்குப் பேர்கிராஸ் என்ற புல். இதுவும் எரிந்த இடத்தில்தான் மெல்லிசாகவும் வளைய வசதியாகவும் கிடைக்கும். கோடையில் நடுக்குருத்து இலைகளை மட்டும் உருவுங்கள், தூரைப் பிடுங்க வேண்டாம். விளிம்பு கையை அறுக்கும், கவனம். வெயிலில் காயக் காய வெளுக்கும். கருப்புக்கு மெய்டன்ஹேர் பெரணியின் பளபளப்பான தண்டு.

சிவப்புக்குத்தான் வேலை அதிகம். உட்வார்டியா என்ற பெரிய பெரணியின் தண்டை வழுவழுப்பான கல்லால் பதமாகத் தட்டிப் பிளந்தால், உள்ளே நீளமாக இரண்டு நார்கள் ஓடுவது தெரியும். அறுந்துவிடாமல் மெதுவாக உருவிக் காயவையுங்கள். பிறகு ஆல்டர் மரப்பட்டையின் சாயம் ஏற்றினால் செம்மண் நிறம் பிடிக்கும். அந்தக் காலத்தில் பட்டையை வாயில் மென்று, அந்தச் சாற்றில் நாரை இழுத்துச் சாயம் ஏற்றினார்கள்.

முடைபவர்கள் நாரை வாயில் கவ்விக்கொள்வதும் உண்டு. அதனால் களைக்கொல்லி தெளித்த இடத்தில் ஒரு தண்டுகூட எடுக்காதீர்கள்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். முடைய உட்காரும் நாளில் தேவையானதை மட்டும் நனைத்துக்கொண்டால் போதும்.