மாட்டு நோய் இழப்பீடு: முதலில் போன், அப்புறம் படிவம்

எங்கள் தொழுவத்தில் கோமாரி (கால், வாய் நோய்) நுழைந்தபோது இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். செவலைக் கிடேரி நூல் நூலாக எச்சில் வடித்தது, நொடிக்கொரு முறை சப்புக் கொட்டியது. கைவைத்தியத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு இளங்கன்று செத்த பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். அந்தக் கன்று கணக்கிலேயே வரவில்லை. நோயைக் கட்டுப்படுத்த அரசு கொல்லச் சொல்லும் மாட்டுக்குத்தான் பல இடங்களில் இழப்பீடு. தகவல் சொல்வதற்கு முன் செத்தது நம் நஷ்டம்.

அதனால் சந்தேகம் வந்த அன்றே போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குப் பேசினீர்கள், யார் எடுத்தார் என்று எழுதி வையுங்கள். ஒரு மாட்டைக்கூட வெளியே ஓட்டாதீர்கள், விற்காதீர்கள். விற்றால் பணமும் போகும், வழக்கும் வரலாம்.

மாடு செத்துக் கிடந்தால் மருத்துவர் பார்க்கும் முன் புதைக்க வேண்டாம், அறுக்கவே வேண்டாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். உடலைத் திறந்தால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். மனிதனையும் தாக்கும்.

அடுத்து விலை மதிப்பு. மாட்டைக் கொல்வதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும், நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். நோய் வருவதற்கு முன் மாடு என்ன விலை போகும் என்பதுதான் பேச்சு. எத்தனாவது ஈத்து, எத்தனை லிட்டர் கறவை, சினை ஊசி போட்ட தேதி, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும். எங்கள் ஆறு மாதச் சினை மாட்டை வெறும் வற்றுமாடு என்று எழுதினார்கள். வயிற்றைத் தடவிக் காட்டினேன், எடுபடவில்லை. பால் கணக்கு நோட்டு இருந்த மாடுகளுக்கு மட்டும் பேசி விலையை ஏற்ற முடிந்தது.

நோயில்லாத மாட்டையும் சேர்த்துக் கொல்வது உண்டு. 2001-ல் பிரிட்டனில் கோமாரிக்காக 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள், அதில் நோய் தொடாத மந்தைகளும் இருந்தன. அப்படிப் போகும் மாட்டையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பால் வருமான இழப்பு பெரும்பாலும் சேராது. காப்பீடு தனிக் கதை, அங்கேயும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் காது வில்லையைத் துடைத்து, எண்ணைப் படிவத்தோடு ஒத்துப் பாருங்கள். எங்கள் படிவத்தில் ஒரு 3, 8 ஆகிவிட்டது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் அந்த மாட்டைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது.