தைப் பனியில் வன்னிக் காட்டோரம் கூடாரம் அடிப்பது

மார்கழியில் லீவு கிடைக்கிறது என்று புறப்படுகிற குழுக்கள்தான் அதிகம் நனைந்து திரும்புகின்றன. வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னிக்கு மேலாகவே மன்னார்ப் பக்கம் போனது. பொங்கல் முடிந்து மழை ஓய்ந்த பிறகு, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் இல்லை என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லுகிற ஒரு வார இறுதியைப் பிடியுங்கள். தையிலும் மாசியிலும் பனி இறங்கும், மழை குறையும். பாலைப்பழம் பழுக்கிற வைகாசி, ஆனியில் கரடிகள் பாலை மரங்களைச் சுற்றியே நிற்கும்; தையில் அந்தத் தொல்லையும் குறைவு.

வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இறங்கும். எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறவர், விடியப்புறம் நாலு மணிக்கு ஈரச் சேட்டோடு ஈர நிலத்தில் பல் கிட்டிக் குந்தியிருப்பார். இங்கே நடுங்க வைப்பது ஈரம். கீழே சொல்லப்படுகிறவற்றில் பாதி அதைத் தடுக்கத்தான், மீதி இடத்தைப் பற்றியது.

இடம்

நடுக்காட்டுக்குள் போக வேண்டாம். சட்டப்படி ஒதுக்குக் காட்டிலும், 2015இல் தேசிய பூங்காக்களாக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதி போன்ற இடங்களிலும் அனுமதியில்லாமல் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். அதைவிடப் பெரிய காரணம் மிதிவெடி. மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கக் கெடு 2028. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எடுக்கக் கூடாது: பலகை விழும், களவு போகும், வெள்ளம் கண்ணிவெடியையே வேறிடத்துக்கு அள்ளிப் போகும். பழைய பங்கர்க் குழி, மண் அணை, துருப்பிடித்த முள்ளுக்கம்பி கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

நல்ல இடம், காட்டை ஒட்டிய ஒருவருடைய தோட்டக் காணி. சில வருடமாக ரக்ரர் விட்டு உழுத, இந்தப் போகம் உழுந்து பிடுங்கின நிலமாக இருந்தால் மிகவும் நல்லது. உடையவரிடம் நேரே போய்க் கேளுங்கள்; யானை எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் கிணறு குடிக்கலாம் என்பதை அவரைப் போல ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். இரவில் காட்டோரம் நெருப்பெரிந்தால் யாராவது விசாரிக்க வருவார்கள்; எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கட்டும்.

காணிக்குள் எந்த மூலை? காட்டு விளிம்புக்கும் குளத்தின் அலைகரைக்கும் நடுவே அடிக்காதீர்கள், அது யானை தண்ணீருக்குப் போகிற வழி. புதிய இலத்தி, ஆளுயரத்துக்கு மேலே சேறு தேய்ந்த மரம், அகலமாக மிதிபட்ட பாதை, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலே தள்ளிப் போங்கள். நீரிலிருந்து 100 மீற்றராவது தூரம் வேண்டும். தையில் குளங்கள் நிரம்பி நிற்கும், வான் பாயும் வழியில் படுக்கக் கூடாது. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு இவற்றின் மணல் திட்டுகள் பகலில் ஆசை காட்டும். மேலே எங்கோ பெய்த மழை இரவில் அங்கே வந்து சேரும்.

குதிக்காலால் நிலத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் வேறிடம். பிறகு அண்ணாந்து பாருங்கள். கிழட்டுப் பாலை உள்ளே கோறையாக இருக்கும், காற்றுக்குக் கொப்பு முறியும். குளவிக்கூடு இருந்தால் புகை பட்டதும் கலையும். புற்றுக்கும் விறகுக் குவியலுக்கும் அருகே வேண்டாம்.

கூடாரம்

நாலு பேர்க் கூடாரம் மூன்று பேருக்குத்தான். எட்டுப் பேருக்கு மூன்று கூடாரமும், சமையலுக்கும் இருப்புக்கும் 18க்கு 24 அடிப் படங்கு ஒன்றும் போதும். முதலில் படங்கைக் கட்டுங்கள். மழை வந்தாலும் மற்ற வேலை அதன் கீழ் நடக்கும். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் தலைக்கு மேல் என்று சரிவு வேண்டும். தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கி நள்ளிரவில் மொத்தமாக ஊற்றும்.

கூடாரத்துக்குக் கீழே விரிக்கிற பொலித்தீன் கூடாரத்தின் அடியைவிட நாலு பக்கமும் ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையைப் பிடித்து நேரே முதுகுக்குக் கீழ் அனுப்பும். கூடாரத்தோடு வருகிற மெல்லிய முளைகள் மழை குடித்த செம்மண்ணில் நிற்காது. 10 மில்லிமீற்றர் கம்பியை ஓர் அடி நீளத்துக்கு வெட்டித் தலையை வளைத்து எடுத்துப் போங்கள். மணலானால் கயிற்றை ஒரு தடியில் கட்டி, தடியைக் கிடையாக ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். உழுத நிலத்தில் மட்டும்தான் இப்படிக் கிண்டலாம்.

காலையில் உள்சீலை நனைந்திருந்தால் கூடாரம் ஒழுகியது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது படுத்தவர்களின் மூச்சு. குளிருது என்று எல்லாச் சிப்பையும் இழுத்து மூடினால் நீராவி வெளியேற வழியில்லை. நுளம்பு வலைச் சிப்பை முழுதாக மூடி, மேல் வாயை ஒரு கை அளவு திறந்து விடுங்கள். வெளிச்சீலையும் உள்சீலையும் முட்டக் கூடாது. கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டு போகவே கூடாது. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, படுத்தவர் எழும்ப மாட்டார்.

படுக்கைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் வைக்கோல் தாராளம். ஒருநாள் வெயிலில் காய வைத்த வைக்கோலை இரண்டு யூரியாப் பைகளில் அடைத்துத் தைத்தால் ஒருவருக்கு மெத்தை. நிலத்தில் கிடந்த வைக்கோலை அப்படியே அள்ளினால் உண்ணியும் சேர்ந்து வரும். மேலே பாய், அதற்கு மேலே போர்வை. படுக்கும்போது போட என்றே ஒரு காய்ந்த சோடி உடுப்பும் காலுறையும் பொலித்தீனில் கட்டித் தனியே இருக்கட்டும். இருட்டுப்படும் முன் அதைத் தொடக் கூடாது.

நெருப்பு

தை மாத விறகு வெளியே காய்ந்ததாகத் தெரியும், உள்ளே ஈரம். காட்டில் மரம் வெட்டவும் முடியாது. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்: ஓர் இரவுக்கு 25 கிலோ பிளந்த விறகு, ஒரு பை ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), ஒரு பை சிரட்டையும் பொச்சும், ஒரு கட்டுக் காவோலை, பழைய சைக்கிள் ரியூப் விரலளவு துண்டுகள் பத்து. ரியூப் துண்டு நனைந்தாலும் பற்றும். மணம் போன பிறகு கேத்தலை வையுங்கள்.

குழி வெட்டி மூட்டாதீர்கள். வன்னி மண்ணுக்குள் தோட்டாவும் அதைவிடப் பெரியதும் புதைந்து கிடக்கலாம், சூடு பட்டால் வெடிக்கும். உழுத நிலமென்றாலும் நெருப்பு நிலத்துக்கு மேலேயே இருக்கட்டும். சருகை இரண்டு மீற்றர் வட்டத்துக்குக் கூட்டி, கைத்தடிப் பருமனான பச்சைத் தடிகளை நெருக்கமாக அடுக்கி, மேலே நாலு விரல் மண் போட்டால் மேடை ஆயிற்று. அதன்மேல் ரியூப், கிழித்த காவோலை, பிறகு சிரட்டை, அது பிடித்த பின் ஊமல், கடைசியாக விறகு. அவசரப்பட்டு விறகை முதலில் வைத்தால் புகைதான் மிஞ்சும். ஆற்றுக் கல்லை அடுப்புக் கல்லாக்க வேண்டாம். உள்ளிருக்கும் நீர் கொதித்துத் தெறிக்கும். மூன்று செங்கல் கொண்டு போவது சுகம்.

சாப்பாடும் தண்ணீரும்

ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர், எட்டுப் பேருக்கு 40. குளத்துத் தண்ணீர் கழுவ மட்டும்.

இரவுக்கு ஒடியல் கூழ் அடித்துச் சொல்லக்கூடிய தெரிவு: ஒரு பானை, சூடு, தட்டுக் கழுவும் வேலை இல்லை. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா. முன்னரே தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த மேல்நீரை இரண்டு தரம் ஊற்றிவிட்டால் கைப்புக் குறையும். பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு கைபிடி அரிசி, கருவாடு வெந்ததும் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும், கடைசியாக மாவைக் கரைத்து விட்டுக் கிண்டுங்கள். மா விட்ட பிறகு பத்து நிமிடம் கை ஓயக் கூடாது, அடிப்பிடித்தால் பானை முழுக்கக் கருகல் மணம். வேட்டை இறைச்சி பற்றி யாரும் பேச்செடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மிச்சம், வாழைப்பழம், உப்பு, அரிசி எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம். யானை மணத்துக்கு வரும், நெருப்பு இருக்கிறது என்று நின்றுவிடாது. மூடி இறுகிய வாளியில் போட்டு 50 மீற்றர் தள்ளி வையுங்கள்.

இரவு

இரண்டு மணிக்கு ஒருமுறை மாறி இருவராக விழித்திருங்கள். வாகனம் ஒன்று வீதியைப் பார்த்து நிற்கட்டும், திறப்பு எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். யானை வந்தால் பட்டாசு, படம் எடுப்பு எதுவும் இல்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டு வாகனத்துக்குள் ஏறுங்கள். மலசலத்துக்குப் போகிறவர் இருவராக, கதைத்துக்கொண்டு, சப்பாத்தோடு போக வேண்டும். போத்தல் கொண்டு வருகிற நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். மது உடம்புச் சூட்டை வெளியே விடும், குளத்தில் குளிக்கும் ஆசையையும் கிளப்பும். இருட்டில் குளத்துக்குள் சேறும் தாமரைக் கொடியும், சில இடங்களில் முதலையும் உண்டு.

எட்டடி விரியன் நிலத்தில் படுப்பவரைத் தூக்கத்தில் தீண்டும், பல நேரம் வலி கூடத் தெரியாது. நள்ளிரவில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை கனப்பு என்று ஒருவர் எழும்பினால் கடித்ததாகவே எடுங்கள். கட்டவோ, வெட்டவோ, உறிஞ்சவோ கூடாது. கடித்த அவயவத்தை அசையாமல் வைத்து, எது கிட்டவோ அந்த வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைக்கலாம், ஆனால் அலைவரிசை எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள்.

திரும்பும்போது

நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையால் தொட்டுச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் மேடையைக் கலையுங்கள். ஈரக் கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு போனால் அன்றே விரித்துக் காய வையுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துத் தண்ணீர் தாங்கும் பூச்சு உரியும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலோ, உடம்பில் கருகினாற்போல ஒரு புண்ணோ வந்தால், காட்டோரம் படுத்ததையும் சேற்றில் நடந்ததையும் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலையும் எலிக்காய்ச்சலையும் அவர் அப்போதுதான் நினைப்பார்.